சாப்பாட்டைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் ஒன்பது மாதக் குழந்தை

படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருக்கிறது. ஆறாம் மாதத்தில் மசித்த கேரட், பூசணி என்று எதைக் கொடுத்தாலும் ஆசையாகச் சாப்பிட்டவள், மூன்று வாரமாக ஸ்பூனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புகிறாள். வாயில் போனதையும் நாக்கால் தள்ளித் துப்புகிறாள். வாழைப்பழமும் தாய்ப்பாலும் மட்டும் இறங்குகின்றன. ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, அதுவும் போனில் பாட்டு ஓடினால்தான் நாலு வாய் உள்ளே போகிறது. இப்போதெல்லாம் சாப்பாட்டு நாற்காலியைப் பார்த்தாலே அழுகிறாள். கையைப் பிடித்துக்கொண்டு ஊட்டிவிடு, இல்லாவிட்டால் இளைத்துவிடுவாள் என்கிறார் பாட்டி. எடை 8.1 கிலோ. இவள் எதையும் சாப்பிடாத பிள்ளையாகவே வளர்ந்துவிடுவாளா, சத்துக் குறைந்துவிடுமா, எதைக் கலந்து கொடுத்தால் சாப்பிடுவாள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதைக் கலந்து கொடுப்பது என்பதைக் கடைசியாகப் பார்க்கலாம், ஏனென்றால் சிக்கல் அங்கே இல்லை. நாற்காலியைப் பார்த்து அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டது. குழந்தைகளுக்கான உணவு ஆலோசனைதான் பல வருடங்களாக என் வேலை. இந்த வரியைச் சொல்லாமல் வருகிற பெற்றோர் குறைவு. நாற்காலியில் அப்போது சாப்பாடே இருக்காது. இருந்தும் அழுகிறாள் என்றால், கேரட் பிடிக்காமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அந்த நாற்காலியில் கழியும் ஒரு மணி நேரம் அவளுக்குப் பயமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பயம் போகிற வரைக்கும் எந்தக் கலவையும் வேலை செய்யாது.

முதலில் எடை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒன்பது மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 8.2 கிலோ. உங்கள் மகள் கிட்டத்தட்ட அந்த நடுக்கோட்டிலேயே இருக்கிறாள். அதே அட்டவணையில் பெண் குழந்தை பிறக்கும்போது 3.2 கிலோ, ஆறு மாதத்தில் 7.3, ஒரு வயதில் 8.9, இரண்டு வயதில் 11.5. இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதல் ஆறு மாதத்தில் நாலு கிலோ ஏறுகிறது. அடுத்த ஆறு மாதத்தில் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். அதற்கடுத்த ஒரு வருடம் முழுக்க இரண்டரை கிலோ சொச்சம்தான். வளரும் வேகம் குறையும்போது பசியும் கூடவே அடங்குகிறது. ஆறாம் மாதம் ஆவென்று வாயைத் திறந்த பிள்ளை ஒன்பதாம் மாதம் நாலு வாயோடு நிறுத்திக்கொள்வதில் பாதிக் காரணம் இதுதான்.

அவளுக்கு எவ்வளவுதான் தேவை? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தப் பால் போக மீதி உணவிலிருந்து, 6 முதல் 8 மாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி, 9 முதல் 11 மாதத்தில் சுமார் 300, ஒரு வயதுக்கு மேல் இரண்டு வயது வரை சுமார் 550 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 70 கலோரி இருக்கிறது, நடுத்தர அளவு வாழைப்பழத்தில் 100. இந்த இரண்டு மட்டுமே ஒரு நாள் தேவையில் பாதியைத் தாண்டிவிடுகின்றன. இந்த வயதுக் குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில்தான் கொள்ளும். உங்கள் மகளுக்கு அது 240 மில்லி, ஒரு டம்ளர். பெரியவர்கள் பார்வைக்கு ரொம்பக் குறைவாகத் தெரிகிற அந்தக் கிண்ணம் அவள் வயிற்றுக்குப் போதுமானதாக இருக்கலாம். ஊட்டுகிறவர்களில் பலர் கிண்ணத்தைத் தங்கள் கையால் அளக்கிறார்கள், தங்கள் கவலையால் அளக்கிறார்கள். மீதம் இருந்தால் குழந்தை சாப்பிடவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்புறம் ஒன்பதாம் மாதம் என்பதே ஒரு திருப்பம். ஆறு மாதத்தில் குழந்தைக்குச் சாப்பிடுவது என்றால் வாயைத் திறப்பது மட்டும்தான். எட்டு, ஒன்பது மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பருக்கையைக் கூட எடுக்கப் பழகுகின்றன. தவழ்கிறாள், எதையாவது பிடித்து நிற்கப் பார்க்கிறாள், எல்லாவற்றையும் தானே தொட்டு, கிள்ளி, தட்டிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் சாப்பாட்டில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவாள்? வாயை மூடுவதுதான் அவள் கைவசம் இருக்கிற ஒரே சொல். பேச்சு வரவில்லை, ஓட முடியாது, கையையும் பிடித்துக்கொண்டோம் என்றால் உதடு மட்டும்தான் மிச்சம்.

என் மூத்த மகனுக்கு நானும் அப்படித்தான் ஊட்டினேன். இந்தப் படிப்பைப் படித்துவிட்டு, இதே வேலையில் இருந்துகொண்டு. சளி பிடித்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான், அந்த ஒரு வாரத்தில் எனக்குள் ஏறிய பயம் இரண்டு மாதம் இறங்கவில்லை. மடியில் சாய்த்து, கையைப் பிடித்து, அழுவதற்கு வாயைத் திறக்கும்போது ஸ்பூனை உள்ளே விட்டிருக்கிறேன். ஒரு நாள் நான் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போகும்போது, கிண்ணம் தன் பக்கம் வருகிறது என்று நினைத்து அவன் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தான். அது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அடுத்த வேளை நான் எதையும் ஊட்டவில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். ஐந்து நிமிடம் அவன் அதைத் தொடவில்லை. அப்புறம் ஒரு விரலால் குத்தினான். பிசைந்தான், விரலிடுக்கில் பிதுங்கி வந்ததைப் பார்த்தான், அந்தக் கையை வாயில் வைத்தான். உள்ளே போனது ஒரு பட்டாணி அளவு இருக்குமோ என்னவோ. ஆனால் கையை வெளியே எடுத்ததும் மறுபடி கிழங்கைத் தேடியது. எவ்வளவு சாப்பிட்டான் என்று நான் அதற்கப்புறம் எண்ணவில்லை.

வற்புறுத்தினால் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மழலைப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது, குடித்து முடி, குடித்து முடி என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இன்னொன்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட சூப்பைத்தான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள், சொல்லிச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக் குறையும் சொன்னார்கள். அவர்கள் உங்கள் மகளைவிடப் பெரியவர்கள்தான். ஆனால் ஒன்பது மாதக் குழந்தைக்கு வார்த்தைகூட வேண்டாம், நெருங்கி வரும் ஸ்பூனும் அம்மாவின் நெற்றிச் சுருக்கமுமே போதும்.

போன் வைத்து ஊட்டுவதும் இதே கணக்கில்தான் வரும். அதைக் கட்டாயப்படுத்துவதாக யாரும் நினைப்பதில்லை, அழுகையும் இல்லை, நாலு வாய் உள்ளேயும் போகிறது. ஆனால் அந்த நாலு வாயும் அவளுக்குத் தெரியாமல் போனவை. வாயில் இருப்பது இனிக்கிறதா புளிக்கிறதா, வயிறு நிறைந்ததா இல்லையா என்று கவனிக்கப் பழக வேண்டிய நேரத்தில் கவனம் முழுக்கத் திரையில் இருக்கிறது. நாளைக்குத் திரையை எடுத்தால் அந்த உணவு அவளுக்குப் புதிய உணவாகத்தான் இருக்கும். ஆகவே இதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்ல மாட்டேன், அடுத்த வேளையிலிருந்தே நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அளவு குறையும், பிறகு ஏறும்.

இந்த விஷயத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் செய்து 1928-இல் எழுதத் தொடங்கிய சோதனை. பால்குடி மறக்கும் வயதில் இருந்த, வேறு உணவே ருசி பார்த்திராத 15 குழந்தைகள். தானியம், காய், பழம், இறைச்சி, முட்டை, பால் என்று மொத்தம் 34 உணவுகளிலிருந்து ஒவ்வொரு வேளையும் பலவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் முன்னால் வைத்தார்கள். செவிலியர் கையில் ஸ்பூனோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒரு கிண்ணத்தைக் காட்டினால் அல்லது அதற்குக் கை நீட்டினால் மட்டும் ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டலாம், வாயைத் திறந்தால் கொடுக்கலாம். நல்ல பிள்ளை என்றும் சொல்லக் கூடாது, ஐயோ என்றும் சொல்லக் கூடாது. ஒரு வேளை பழமாகவே தின்ற குழந்தை இன்னொரு வேளை முட்டையாகத் தின்றது. எந்த வேளையைத் தனியாகப் பார்த்தாலும் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு மென்மையாகும் நோயோடு வந்த ஒரு குழந்தைக்கு மீன் எண்ணெயும் தட்டில் வைக்கப்பட்டது. நோய் குணமாகும்வரை அதை விரும்பிக் குடித்த குழந்தை, அப்புறம் தொடவில்லை. இன்று அப்படியொரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், மாட்டவும் கூடாது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, டேவிஸே அதை மறைக்காமல் சொன்னார். தட்டில் இருந்தவை எல்லாம் நல்ல உணவுகள், சர்க்கரையோ இனிப்புப் பண்டமோ ஒன்றுகூட இல்லை. அதனால்தான் குழந்தை எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பாகவில்லை.

பிற்பாடு எலின் சட்டர் என்ற உணவியல் நிபுணர் இதை வீட்டு வழக்கத்துக்கு ஏற்றபடி பிரித்துச் சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கிறது, செய்யும்போது கை பரபரக்கும். இந்த இரண்டில் பெரியவர்கள் தங்கள் பொறுப்பை விட்டுவிட்டுக் குழந்தையுடையதைப் பிடுங்கிக்கொள்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நாள் முழுக்க நினைத்த நேரத்தில் பிஸ்கட், வாழைப்பழம், பால் என்று கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பசியில்லாத குழந்தையிடம் இன்னும் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சுவது.

அடுத்து ருசி. கசப்பும் புளிப்பும் பட்டதும் முகம் சுளிப்பது குழந்தையோடு பிறந்தது. முதல் தடவை சுளித்த உடனேயே, இது பிடிக்கவில்லை என்று அந்தக் காயை நிறுத்திவிடுகிறோம். 2007-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் ஏழு மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், இனி இதைக் கொடுக்கவே மாட்டேன் என்று நீங்கள் முடிவு செய்த காய் எது என்று கேட்டு, அதையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டு தடவை கொடுக்கச் சொன்னார்கள். எட்டாவது தடவை வரும்போது 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதைப் பிடித்த காயைப் போலவே சாப்பிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்து விசாரித்தபோதும் 63 சதவீதம் பேர் அதை விடவில்லை. மூன்றாவது தடவையோடு நிறுத்தியிருந்தால் அந்தக் குழந்தைகள் எல்லோருமே அந்தக் காய் பிடிக்காதவர்கள் என்றுதான் வீட்டில் பெயர் எடுத்திருப்பார்கள். அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில், எட்டு நாள் தொடர்ந்து பீன்ஸ் கொடுத்ததில் குழந்தைகள் சாப்பிடும் அளவு நன்றாகவே கூடியது, ஆனால் அந்த மாற்றம் அம்மாக்கள் கண்ணில் படவில்லை. அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் முகத்தைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். சுளித்துக்கொண்டே வாயைத் திறந்தால் அவள் இன்னும் கேட்கிறாள்.

தடவை என்று நான் சொல்வது ஒரு கிண்ணத்தை அல்ல. ஒரு நகத்தளவு தின்றது, நாக்கால் நக்கிப் பார்த்தது, கையில் எடுத்துப் பிசைந்து முகர்ந்தது எல்லாமே ஒரு தடவைதான். துப்பினாலும் கணக்கில் சேரும். தெரிந்த உணவுக்குப் பக்கத்தில் புதியதை ஓரமாக வையுங்கள், உங்கள் மகளுக்கு வாழைப்பழத்தின் பக்கத்தில் ஒரு கேரட் துண்டு. வாழைப்பழத்தில் கேரட்டை ஒளித்து வைப்பது வேறு. அதைச் செய்யாதீர்கள். ஒளித்தால் கேரட்டின் ருசி அவளுக்குப் பழகாது, கண்டுபிடித்துவிட்டால் வாழைப்பழத்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும். நம்பிக்கையாக இருக்கிற ஒரே உணவையும் இழந்துவிடுவீர்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட, ஆனால் நான் கண்டிப்பாகக் கேட்கும் ஒரு விஷயம், அவள் சாப்பிடுவது எந்தப் பதத்தில் இருக்கிறது என்பது. ஆறாம் மாதம் கொடுத்த அதே வழுவழுப்பான கூழைத்தான் இன்றும் கொடுக்கிறீர்கள் என்றால், சலிப்பும் ஒரு காரணம். மெல்லுவது தானாக வருவதில்லை, நாக்கால் ஓரத்துக்குத் தள்ளி ஈறால் நசுக்கிப் பழக வேண்டும். பல்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஈறே போதும். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், 9 மாதத்துக்குப் பிறகுதான் கட்டிகட்டியான உணவைப் பார்த்த குழந்தைகள் 7 வயதிலும் மற்றவர்களைவிடக் குறைந்த வகைக் காய்கறி, பழங்களையே சாப்பிட்டார்கள், சாப்பாட்டுச் சிக்கல்களும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. பயமுறுத்தச் சொல்லவில்லை. இன்றைக்கே தொடங்கிவிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மிக்சியை மூடி வைத்துவிட்டு முள்கரண்டியால் மசியுங்கள். நாலைந்து நாளில் மசிப்பதையும் பாதியோடு நிறுத்துங்கள். கூடவே கையில் பிடிக்கிற மாதிரி மென்மையாக வெந்த துண்டுகள்: கேரட், உருளைக்கிழங்கு, பூசணி, முட்டை, முள் நீக்கிய மீன். உங்கள் இரு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம்.

அப்போது ஓங்கரிப்பாள். அதற்குப் பயந்துதான் நிறைய வீடுகளில் கூழோடு நின்றுவிடுகிறார்கள். பெரியவர்களுக்குத் தொண்டைக்குப் பக்கத்தில் பட்டால்தான் ஓங்கரிப்பு வரும், சின்னக் குழந்தைக்கு நாக்கின் முன்பகுதியில் பட்டாலே வந்துவிடும். பெரிய துண்டு உள்ளே போகாமல் தடுக்கிற காவல் அது. மாதம் ஏற ஏற அந்த இடம் பின்னால் நகர்கிறது, துண்டுகளோடு பழகப் பழக ஓங்கரிப்பும் குறைகிறது. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், துண்டை முன்னால் தள்ளிவிட்டு மறுபடி கை நீட்டும். தொண்டையில் அடைத்துக்கொண்ட குழந்தையிடம் சத்தமே வராது, இருமலும் அழுகையும் வராது, உதடு நீலம் பூக்கும். இந்த வித்தியாசத்தை வீட்டில் ஊட்டுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அடைத்தால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒரு வயதுக்குக் கீழே, குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, வெளியே வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்து, மாறி மாறி, அதற்குள் யாராவது ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதை எழுத்தில் படித்தால் போதாது, முதலுதவி தெரிந்தவரிடம் ஒரு முறை கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். முழுக் கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், பாப்கார்ன் எதுவும் இந்த வயதுக்கு வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, காலுக்கு அடியில் ஏதாவது தாங்கல் இருந்து, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போதுதான் சாப்பாடு. படுத்துக்கொண்டோ தவழ்ந்துகொண்டோ சாப்பிட்டால்தான் ஆபத்து அதிகம்.

சத்து என்று கேட்டீர்களே, நான் கவலைப்படும் சத்து ஒன்றே ஒன்றுதான், இரும்புச்சத்து. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே சேர்த்து வைத்துக்கொண்டு வரும் இரும்பு ஆறு மாதம் போல் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலிலும் இரும்பு குறைவு. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம், அதே பரிந்துரையில் வளர்ந்த ஆணுக்கு 8 மில்லிகிராம்தான். எட்டு கிலோ உடம்புக்கு எண்பது கிலோ ஆளைவிட அதிகம். வாழைப்பழமும் பாலும் மட்டும் என்றால் இந்த இடத்தில்தான் பள்ளம் விழும். ஆகவே அவளுக்குப் பசி நன்றாக இருக்கிற வேளையில் இரும்பு உள்ளதை முன்னால் வையுங்கள். நன்கு வெந்து மசிந்த இறைச்சி, ஈரல் சிறிதளவு, மீன், முட்டை, பருப்பு, பயறு, இரும்பு சேர்த்த குழந்தைத் தானியம், உங்கள் வீட்டில் எது உண்டோ அது. பருப்பு, கீரை போன்றவற்றில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்ட வைட்டமின் சி வேண்டும், தக்காளியோ ஆரஞ்சுச் சுளையோ ஓரிரண்டு கூட இருக்கட்டும். இரும்பு சொட்டு மருந்து தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களே தொடங்க வேண்டாம்.

சரி, நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது? முதல் மூன்று நாள் அந்த நாற்காலியை விட்டுவிடுங்கள். தரையில் ஒரு துணியை விரித்து, நீங்களும் கூட உட்கார்ந்து, உங்கள் தட்டும் அவள் தட்டும் பக்கத்தில். பாலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு மணி, ஒன்றரை மணி நேர இடைவெளி விடுங்கள், வயிறு முட்டப் பால் குடித்த குழந்தை சாப்பாட்டை ஒதுக்குவதில் அதிசயம் இல்லை. அதற்காகத் தாய்ப்பாலை வெட்டிவிடாதீர்கள், ஒரு வயது வரை அதுதான் பெரிய உணவு. இரண்டு ஸ்பூன் வாங்குங்கள். ஒன்றை அவள் கையில் கொடுங்கள், தட்டட்டும், தூக்கிப் போடட்டும். இன்னொன்றில் கொஞ்சமாக எடுத்து, அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். அங்கேயே காத்திருங்கள். அவள் முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தால் கொடுங்கள். திறக்கவில்லை என்றால் ஸ்பூனை இறக்கிவிடுங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்து மிகக் கடினமான பகுதி அந்த ஒரு சாண் தூரம்தான், கை தானாக முன்னால் போகும். இருபது நிமிடம், அதிகபட்சம் அரை மணி. தலையைத் திருப்பி, உதட்டை மூடி, ஸ்பூனைத் தள்ளினால் அதற்கு முன்பே முடித்துவிடலாம். ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை இப்படி வைத்தால், ஒரு வேளை வீணானாலும் அடுத்தது இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். சாப்பிடாமல் எழுந்தாள் என்பதற்காக ஐந்து நிமிடம் கழித்து பிஸ்கட் மட்டும் கொடுக்காதீர்கள்.

கலந்து கொடுப்பதைப் பற்றி: உப்பு, சர்க்கரை சேர்க்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, குழந்தைகளுக்கு வரும் பாட்டுலிசம் என்ற நஞ்சு நோய்க்கு அது வழிவிடும். பழச்சாறும் வேண்டாம், பழமாகவே கொடுங்கள். காரமில்லாத மசாலா வாசனை, ஒரு துளி எண்ணெய் அல்லது வெண்ணெய், இவை நல்லவை, ருசியும் கலோரியும் கூடும். வீட்டுச் சாப்பாட்டின் வாசனை அவளுக்குப் பழக இதுதான் வழி. உப்பு போடுவதற்கு முன்னால் அவள் பங்கை எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையல்கூடத் தேவையில்லை.

பாட்டியைக் குறை சொல்லாதீர்கள். மீதமாகும் ஒவ்வொரு வாயும் அவருக்குக் கவலை, அது அன்பிலிருந்து வருவது. விவாதத்தில் அவரை ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம். வேலையை மாற்றிக் கொடுங்கள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அதே கேரட்டை எடுத்து ரசித்துச் சாப்பிட்டுக் காட்டுகிற வேலை அவருடையது. இந்த வயதுக் குழந்தை பிறர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும், பாட்டி மென்றால் தானும் மெல்லும். எடை அட்டவணையையும் அவரிடமே காட்டுங்கள், மாதம் ஒரு முறை புள்ளி வைக்கிற பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும். தினமும் எடை பார்ப்பது மட்டும் வேண்டாம்.

மருத்துவரிடம் காத்திராமல் போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. எடைப் புள்ளி இதுவரை சென்ற கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போவது. ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் புரையேறுவது, இருமுவது, சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது. அடிக்கடி வாந்தி, மலத்தில் ரத்தம், ஏதாவது உணவு பட்டதும் தடிப்போ வீக்கமோ வருவது. உள்ளங்கை, கண் இமையின் உட்புறம் வெளிறிப் போய்ச் சோர்ந்து கிடப்பது. ஈரமான டயப்பர் வழக்கத்தைவிடக் குறைவது. பத்து, பன்னிரண்டு மாதம் ஆகியும் கூழைத் தவிர எதையும் வாயில் வைக்கவே விடாதது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் போவது. இவற்றில் எதுவும் இருந்தால் நான் மேலே சொன்னதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே காலம் கடத்தாதீர்கள். சளி, காய்ச்சல், பல் முளைக்கும் வலி என்றால் சில நாள் அளவு குறையும், பால் குடித்துக்கொண்டிருந்தால் அது சரியாகிவிடும்.

எதையும் சாப்பிடாத பிள்ளையாகவே வளர்ந்துவிடுவாளா என்ற கேள்விக்கு: இப்போது நடப்பதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒன்றரை, இரண்டு வயதில் புதிய உணவைக் கண்டால் பயப்படும் காலம் ஒன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு வரும், உங்கள் மகளுக்கும் வரலாம். அந்தப் பயத்தில் பிறவிக் குணத்தின் பங்கு பெரிது. 8 முதல் 11 வயது வரையிலான இரட்டைக் குழந்தைகளை வைத்து 2007-இல் வந்த ஆய்வு, குழந்தைக்குக் குழந்தை இருக்கும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபணுவால் என்று கணக்கிட்டது. எனவே அப்போது மறுத்தால் உங்கள் வளர்ப்பு தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் எத்தனை ருசியும் எத்தனை பதமும் அவளுக்குப் பழகியிருக்கிறதோ அத்தனை லாபம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். எத்தனை வாய் சாப்பிட்டாள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். உட்கார வைத்தபோது அழுதாளா, யாரும் சொல்லாமல் எதையாவது கையில் எடுத்தாளா, ஒரு சாண் தள்ளி நின்ற ஸ்பூனைப் பார்த்துத் தானாகச் சாய்ந்தாளா, இந்த மூன்றை மட்டும் குறித்து வைத்து எழுதுங்கள்.